அயல்நாட்டு உணவு: சூரமங்கலமும் சேலம், நாமக்கல் வட்டாரமும்

சூரமங்கலம் சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று. சேலம் ஜங்ஷன் இங்கேதான் இருக்கிறது. 2007 நவம்பர் 1 அன்று தொடங்கிய சேலம் ரயில்வே கோட்டத்தின் தலைமையகமும் இங்கேதான். ஜங்ஷனிலிருந்து ஐந்து ரோடு சந்திப்பு வரை செல்லும் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் பொழுது சாய்ந்தபின் நடந்தால், ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ், சவர்மா, மந்தி, அல்ஃபாம், பீட்சா, மோமோ என்று ஐந்தாறு நாடுகளின் உணவுப் பெயர்கள் பலகைகளில் தெரியும். அவற்றைச் சமைப்பவர்களில் சீனரோ அரபியரோ இத்தாலியரோ இல்லை. அயல்நாட்டார் குடியேறிக் கடை வைத்த ஊர் அல்ல இது. ரயிலும் லாரியும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் கொண்டுவந்த உணவு, இந்தச் சமவெளியில் விளையும் முட்டையோடும் மாவோடும் சேர்ந்து இங்கே வேறு உருவம் பெற்றது. இக்கட்டுரை அந்த வழியைச் சொல்கிறது.

ரயிலும் மலையும்

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை 1860களின் தொடக்கத்தில் இந்தப் பகுதியை எட்டியது. பாதை சேலம் ஊருக்குள் நுழையாமல் மேற்கே சில கிலோமீட்டர் தள்ளிச் சென்றது. அதனால் ரயிலடியைச் சுற்றிச் சூரமங்கலம் தனி ஊர்போல வளர்ந்தது. அந்தக் காலத்துப் பெரிய ரயில் நிலையங்களில் ஐரோப்பியருக்கு ஒன்றும் இந்தியருக்கு வேறொன்றுமாகச் சிற்றுண்டி அறைகள் இருந்தன. இந்தியருக்குள்ளும் சைவம், அசைவம் என்ற பிரிவு இருந்தது. கட்லெட், ஆம்லெட், ரொட்டி, சூப் ஆகியவை தமிழ்நாட்டின் உள்ளூர் நாக்குகளுக்குப் பழக்கமானதில் ரயில்வே கேண்டீனுக்குப் பெரிய பங்கு உண்டு. நள்ளிரவில் வண்டி நின்றதும் நடைமேடையில் கேட்கும் ‘பிரட் ஆம்லெட்’ என்ற குரல் அந்த மரபின் மிச்சம்.

இன்னொரு வாசல் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியையும் பேரிக்காய் போன்ற அயல்நாட்டுப் பழமரங்களையும் நட்டார். தோட்டத் துரைமார்களுக்காக விளைந்த காப்பி, இருபதாம் நூற்றாண்டில் மலையடிவாரத்து ஓட்டல்களின் காலை வழக்கமாகிவிட்டது. இன்று அதை அயல்நாட்டுப் பானம் என்று சொன்னால் சேலத்துக்காரர் எவரும் ஒப்பமாட்டார்.

அயல் உணவின் வரலாற்றில் பேக்கரிக்கு யாரும் இடம் ஒதுக்குவதில்லை. அது பெரிய குறை. கர்நாடகத்து ஹாசன் பகுதிக் குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் நடத்திய ‘ஐயங்கார் பேக்கரி’களும், அவற்றைப் பார்த்து உள்ளூரார் தொடங்கியவையும்தான் சாதாரண வருமானக்காரருக்கு ஐரோப்பிய அடுமனையை அறிமுகம் செய்தன. பிரெஞ்சு முறையில் மடித்து மடித்து அடுக்கிய மாவுக்குள் வெங்காய மசாலாவும் அவித்த முட்டையின் பாதியும் வைத்த ‘எக் பப்ஸ்’, பள்ளிப் பிள்ளை கையிலிருக்கும் சில்லறைக்கு வாங்கிய முதல் அயல்நாட்டு உணவு. அந்த முட்டை பெரும்பாலும் நாமக்கல் முட்டை.

கிழங்கும் மாவும்

இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய அயல் உணவுக் கதை எந்த ஓட்டலிலும் தொடங்கவில்லை. மரவள்ளி தென்னமெரிக்கக் கிழங்கு. போர்ச்சுக்கீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைக் குடிமக்களிடையே பரப்பினார். சேலம், நாமக்கல் பக்கம் அதற்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர்.

ஜவ்வரிசியோ இரண்டாம் உலகப் போர் வரை மலேயா, சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரில் அந்த வரத்து நின்றது. மீன் வணிகத்துக்காகக் கேரளம் போய்வந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்து, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையைத் தெரிந்துகொண்டார். 1943இல் எளிய கருவிகளோடு சேலத்தில் தொழில் தொடங்கியது. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்தில் உருவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. தென்கிழக்காசியாவில் பனை வகை மரத்தின் சோற்றிலிருந்து செய்யப்பட்ட பண்டம், பிரேசில் கிழங்கைக் கொண்டு, பினாங்கில் கற்ற கைமுறையால், சேலத்தின் சொந்தப் பண்டமானது. கல்யாணப் பந்தியில் ஜவ்வரிசிப் பாயசம் ஊற்றும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

மைதாவின் வரவும் ஏறக்குறைய அதே காலத்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. தட்டுப்பாட்டு ஆண்டுகளில் அரிசி தின்ற மாநிலம் கோதுமையைப் பழகிக்கொண்டது. 1950களின் பிற்பாதியிலிருந்து அமெரிக்க உதவித் திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. பரோட்டாக் கடை தமிழ்நாட்டில் வேரூன்றிய சூழல் இதுவே. முட்டையும் சால்னாவும் சேர்த்துக் கல்லில் கொத்தும் கொத்து பரோட்டா பின்னால் வந்த எல்லா அயல் உணவுக்கும் முன்னோடி. எது வந்தாலும் கல்லில் போட்டு முட்டை உடைத்து ஊற்றி நம் காரத்துக்குக் கொண்டுவரலாம் என்ற துணிச்சலை பரோட்டா மாஸ்டர்களே முதலில் காட்டினார்கள்.

பாஸ்ட் புட் வண்டி

தமிழ்நாட்டில் ‘பாஸ்ட் புட்’ என்றால் பர்கர் அல்ல, ஃபிரைட் ரைஸ். பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டி வந்து நிற்கும். காற்றடிக்கும் அடுப்பின் இரைச்சல், கருத்த இரும்புச் சட்டி, அதை மோதும் நீளக் கரண்டி, வரிசையாக சோயா சாஸ், சில்லி சாஸ், வினிகர் புட்டிகள். ஓசூர், நீலகிரிப் பக்கத்து முட்டைகோசும் கேரட்டும் பீன்சும் மெல்லிசாக நறுக்கிக் குவிந்திருக்கும். முட்டை ஃபிரைட் ரைஸ், சிக்கன் நூடுல்ஸ், சில்லி பரோட்டா, கோபி மஞ்சூரியன் என்று ஹாஃப், ஃபுல் அளவில் விற்கும்.

இந்த உணவின் ஊர் சீனம் அல்ல, கல்கத்தா. அங்கே குடியேறிய ஹக்கா சீனர்கள் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலோடு உணவகங்களையும் நடத்தி, வங்காளிகளின் நாக்குக்குத் தக்கபடி தங்கள் சமையலைக் காரமாக்கினார்கள். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் சமைத்தபோது, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் என்று நம்மூர்த் தாளிப்பிலேயே தொடங்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, சோளமாவு கரைத்துக் குழம்பாக்கிய கோழிதான் மஞ்சூரியன். மஞ்சூரியாவில் அப்படியொரு பண்டம் கிடையாது. கோழிக்குப் பதில் காலிஃபிளவர் போட்டது சைவ நாக்குக்காக. சட்டியில் கடைசியாகத் தூவும் அஜினமோட்டோவோ ஜப்பானியப் பொருள். 1908இல் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து அந்தச் சுவையின் மூலத்தைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அது கடைக்கு வந்தது.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இந்த வண்டிகள் பெருகியதற்கு இரண்டு தனிக் காரணங்களைக் குறிப்பிட வேண்டும்.

ஒன்று லாரி. திருச்செங்கோடு, நாமக்கல், சங்ககிரி வட்டாரம் லாரித் தொழிலுக்கும் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் போர்வெல் வண்டிகளுக்கும் பேர்போனது. வட இந்தியா முழுவதும் போய்வரும் ஓட்டுநர்கள் தாபாவின் தந்தூரி ரொட்டியையும் தால் பிரையையும் பழகிக்கொண்டு வந்தார்கள். சேலத்திலிருந்து பெங்களூரு, கரூர், கோவை, உளுந்தூர்பேட்டை செல்லும் நெடுஞ்சாலைகளில் அவர்களுக்காக எழுந்த தாபாக்களில் சீனப் பட்டியலும் சேர்ந்துகொண்டது. காரில் போகும் குடும்பங்கள் பிறகு அங்கே நிற்கத் தொடங்கின.

மற்றொன்று விடுதிப் பள்ளி. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பகுதிகளின் தனியார் பள்ளிகளுக்கு மற்ற மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையில் பெற்றோர் கட்டுச்சோறு கொண்டுவந்தாலும், பிள்ளை கேட்பது ஃபிரைட் ரைசும் சில்லி சிக்கனும்தான். மதிப்பெண்ணுக்காக வீட்டைப் பிரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்து மேசை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எந்த உணவு வரலாறும் எழுதியதில்லை. இந்த ஊர்களில் ‘குடும்ப அறை’ வைத்த ஓட்டல்கள் வளர்ந்ததில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பங்கு உண்டு.

பிரிட்டனோடு ஓர் ஒப்பு

பிரிட்டிஷ் நகரங்களில் அயல் உணவகம் வளர்ந்த விதம் இதற்கு மறுபக்கம். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகம்மது 1810இல் லண்டன் போர்ட்மன் சதுக்கத்தருகே ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ் திறந்தார். இரண்டே ஆண்டில் நொடித்துப்போனார். 1926இல் எட்வர்ட் பால்மர் ரீஜண்ட் தெருவில் தொடங்கிய ‘வீராசாமி’ இன்றளவும் பேசப்படும் பெயர். இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய துரைமார்களே அதன் தொடக்கக்கால வாடிக்கையாளர்கள். தமிழரின் மிளகுத் தண்ணீர் ‘முல்லிகடானி’ என்ற பெயரில் ஆங்கிலேயர் சூப் ஆனதும் அவர்களால்தான்.

பிறகு கப்பல் வேலைக்குப் போன சில்ஹட் வங்காளிகள் ஊரூருக்குக் ‘கறி’க் கடை வைத்தார்கள். அவர்கள் விற்றது சில்ஹட்டு வீட்டுச் சமையல் அல்ல. ஆங்கிலேயருக்காகவே உருவாக்கிய ஒரு பட்டியல். டாங்ரா சீனர் செய்ததும் இதையேதான். பர்மிங்காமின் பால்ட்டி, மான்செஸ்டர் வில்ம்ஸ்லோ சாலையின் கறிக் கடை வரிசை எல்லாம் தெற்காசியக் குடியேறிகள் வளர்த்தவை. 1983க்குப் பின் ஏதிலிகளாகப் போன ஈழத்தமிழர்கள் லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி பகுதிகளில் திறந்த கடைகளில் கொத்து ரொட்டியின் தாளம் கேட்கும். சூரமங்கலத்துப் பரோட்டா மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தத் தாளம் அவருக்குப் புரியும். அங்கே குடியேறியவர் தம் கல்லைத் தூக்கிப்போனார். இங்கே இருந்த கல்லின் மேல் பிற நாட்டு உணவு வந்து விழுந்தது. வேறுபாடு அவ்வளவே.

சவர்மாவும் மந்தியும்

அரபு உணவு வளைகுடாவில் வேலை பார்த்தவர்களோடு முதலில் கேரளத்துக்கும் பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, ஈரோடு, சேலத்துக்கும் வந்தது. மந்தி ஏமன் நாட்டுச் சோறு. சுழலும் செங்குத்துக் கம்பியில் இறைச்சியை அடுக்கி வாட்டும் முறை உதுமானியத் துருக்கியில் பிறந்தது. சவர்மா என்ற சொல்லே ‘சுழற்றுதல்’ என்ற துருக்கிச் சொல்லின் அரபு வடிவம். ஆட்டிறைச்சியில் செய்தது இங்கே கோழியானது. கோழி விலை அதைக் கல்லூரி மாணவர் கைக்கு எட்டச் செய்தது.

நாமக்கல்லைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான முட்டைகளை அனுப்புகிறது. தமிழகச் சத்துணவுக் கூடங்களுக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அவை போகின்றன. அதே நாமக்கல் நகரில் 2023 செப்டம்பரில், ஓர் உணவகத்தில் வாங்கிய சவர்மாவைச் சாப்பிட்ட பள்ளிச் சிறுமி உயிரிழந்தாள். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மாநிலம் முழுவதும் சோதனைகள் நடந்தன. முந்தைய ஆண்டு மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரிலும் ஒரு மாணவி இதேபோல் இறந்திருந்தாள்.

காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சவர்மாக் கம்பியில் வெளிப்புறம் வேகும். உள்ளடுக்கு வேகாமல் இருக்கும். கூட்டம் மிகுந்த கடையில் வெந்த பகுதியை மட்டும் சீவி எடுப்பதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிடும்; வேகாத பகுதியும் சேர்ந்து சீவப்படும். கூட்டம் குறைந்தால் அடுப்பை அணைத்து, பாதி வெந்த இறைச்சியை மிதமான சூட்டில் மணிக்கணக்காக நிற்க வைப்பார்கள். கிருமி பெருக அதைவிட வசதி வேண்டாம். கூடவே தடவும் மயோனைஸ் பச்சை முட்டையையும் எண்ணெயையும் கடைந்து செய்வது. அதில் சால்மொனெல்லா இருந்தால் கொல்வதற்கு வெப்பமே படுவதில்லை. நம் வெயிலில் வெளியே வைத்த கிண்ணம் இரண்டு மணி நேரத்தில் ஆபத்தாகிவிடும்.

கேரளம் 2023 ஜனவரியிலும் தெலங்கானா 2024இலும் பச்சை முட்டை மயோனைசைத் தடை செய்தன. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பு, சேமிப்பு, விற்பனை அனைத்தையும் தடை செய்தது. முட்டை சேராத மயோனைசுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. மஞ்சூரியனுக்குப் பூசும் செயற்கை நிறத்தைக் கர்நாடகம் 2024 மார்ச்சில் தடை செய்ததும் இதே வரிசையில் வரும்.

பன்னாட்டுக் கிளைகள்

கே.எஃப்.சி. 1995இலும், டோமினோஸ், பீட்சா ஹட், மெக்டொனால்ட்ஸ் ஆகியவை 1996இலும் இந்தியாவில் முதல் கடைகளைத் திறந்தன. பெருநகரங்களுக்குப் பின்னரே சேலம் போன்ற ஊர்களுக்கு இவ்வகைக் கிளைகள் வந்தன. குளிரூட்டிய அறை, பிறந்தநாள் கேக், சமையலறை நடைமுறையில் ஓர் ஒழுங்கு ஆகியவை இவற்றின் ஈர்ப்பு. சமையலைப் பொறுத்தவரை இவை வட்டாரத்தில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. வண்டிக்கடை ஃபிரைட் ரைஸ் மாற்றியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கவனிக்க வேண்டியவை

உண்பவர் பார்க்க வேண்டியவை சில. சவர்மாவுக்குச் சீவிய இறைச்சியை மறுபடி கல்லில் போட்டு வாட்டித் தருகிறார்களா, மயோனைஸ் குளிர்பெட்டியில் இருக்கிறதா, மஞ்சூரியன் இயல்புக்கு மீறிச் சிவந்திருக்கிறதா, உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண் கடையில் தெரிகிறதா. பரோட்டாக் கடைகளில் நாள்தோறும் விற்கும் ஆஃப்பாயிலிலும் மஞ்சள் கரு வேகாததுதான். அதிலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு முட்டையைக் கண்ணெதிரே உடைத்து, மிளகு தூவி, சூடாறுமுன் விழுங்கிவிடுகிறோம். மயோனைசில் பல முட்டைகள் ஒரே கிண்ணத்தில் சேர்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் அன்று அந்தக் கிண்ணத்திலிருந்து தடவப்பட்ட எல்லா ரொட்டிக்கும் கேடு பரவுகிறது.