தந்தி முகவரி முதல் கான்ஃபிக் ஃபைல் வரை

போடிநாயக்கனூர்ல ஏலம்னு சொன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு மலையில விளையுற காய், இன்னொண்ணு ஊருக்குள்ள அதை விக்கிற முறை. 2021 டிசம்பர்ல ஸ்பைசஸ் போர்டு இந்த விற்பனையைக் கிளவுடுக்குக் கொண்டுபோச்சு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புத்தடியில நடக்குற ஏலத்துக்குப் போடியில உட்கார்ந்தே விலை கேட்கலாம்.

இப்படித் தூரத்து சர்வரை நம்பி ஒரு ஊரே வியாபாரம் பண்ணும்போது, சர்வரைப் பராமரிக்கிறவங்களுக்கு ரெண்டு கேள்வி. அதைச் சுருக்கமா எப்படிக் கூப்பிடுறது? அந்தப் பக்கம் இருக்கிறது அதுதானான்னு எப்படி நம்புறது?

முதல் கேள்வி தந்தி காலத்துலயே இருந்துச்சு. சொல்லுக்குச் சொல் காசு. அதனால கடைப்பேர், கதவு எண், தெரு எல்லாத்துக்கும் பதிலா ஒரே சொல்லை வியாபாரிகள் தந்தி ஆபீஸ்ல பதிஞ்சு வச்சாங்க. பழைய லெட்டர்ஹெட்ல ‘கிராம்ஸ்’னு போட்டிருக்குமே, அதுதான்.

1983-ல பெர்க்லி யூனிக்ஸ் அதுக்கும் ஒரு படி மேல போச்சு. ‘ஆர்ஹோஸ்ட்ஸ்’ ஃபைல்ல ஒரு மெஷின் பேரை எழுதிட்டா, அங்கிருந்து வர்ற ஆள்கிட்ட பாஸ்வேர்டே கேட்காது. முகவரியோட சேர்த்து நம்பிக்கையையும் சேமிச்சாங்க. 1988 நவம்பர் 2-ம் தேதி கிளம்பின மோரிஸ் புழு, மெஷின் விட்டு மெஷின் தாவ அந்த நம்பிக்கையையும் ஒரு வழியா பிடிச்சுக்கிச்சு.

1995-ல ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினாங்க. அதுக்குப் பதிலாதான் அங்கிருந்த டாட்டு உலோனென் எஸ்எஸ்எச்-ஐ எழுதினார். இன்னைக்கு நாம பயன்படுத்துற ஓபன்எஸ்எஸ்எச், ஓபன்பிஎஸ்டி குழு 1999-ல வெளியிட்டது.

அதோட கான்ஃபிக் ஃபைல்தான் நம்ம தந்தி முகவரி. ‘ஹோஸ்ட்’ வரியில ‘ஏலம்’னு ஒரு பேர் வைங்க. கீழ ஐபி முகவரி, யூசர், போர்ட், சாவி ஃபைல் இருக்கிற இடம். அப்புறம் ‘எஸ்எஸ்எச் ஏலம்’னு அடிச்சா போதும். பாஸ்வேர்டு எழுத அதுல இடமே கிடையாது, கவனிச்சீங்களா?

ரெண்டாவது கேள்விக்குப் பதில் ‘நோன் ஹோஸ்ட்ஸ்’ ஃபைல்ல இருக்கு. சர்வரோட சாவி மாறியிருந்தா அது சத்தம் போடும். அந்தத் தொல்லை வேணாம்னு ‘ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்’கை ‘நோ’ன்னு மாத்துறவங்க நிறைய பேர். மாத்திட்டா, முதல்முறை பார்க்கிற எந்தச் சாவியையும் கேள்வி கேட்காம ஏத்துக்கும். 1983-ல செஞ்ச அதே தப்பு, வேற உருவத்துல.

முகவரியைச் சேமிங்க. நம்பிக்கையை ஒவ்வொரு தடவையும் சோதிக்க விடுங்க.