ஞாயிற்றுக்கிழமை ஒயின்

நண்பர்கள் கூட்டாக நிலம் வாங்கினால் கதை எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். முதல் வருஷம் எல்லோரும் குடும்பத்தோடு போவார்கள். அடுத்த வருஷம் ஒருவர் மட்டும் போய் வேலியைப் பார்த்துவிட்டு வருவார். அதற்கடுத்த வருஷம் பங்கு பிரிக்கும் பேச்சு வந்துவிடும். கலிபோர்னியாவில் 1959-ல் மலைமேல் நிலம் வாங்கிய நால்வருக்கு அப்படி ஆகவில்லை. ரிட்ஜ் ஒயின் பிறந்தது அதனால்தான்.

நால்வரும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். டேவ் பென்னியனும் ஹியூ கிரேனும் காந்தப் பொருளைக் கொண்டு கணிப்பொறிச் சுற்றுகள் அமைப்பதில் மூழ்கியிருந்தார்கள். சார்லி ரோசன் பிற்பாடு ‘ஷேக்கி’ ரோபோவுக்கு வழி வகுத்தவர்; தானே யோசித்து நகர்ந்த அந்தப் பெட்டி இன்று மவுண்டன் வியூ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான்காமவர் ஹோவர்ட் ஸைட்லர். ஒயின் தொழிலில் ஒருவருக்கும் அனுபவம் கிடையாது. வார இறுதியில் பிள்ளைகளோடு வந்து போக ஓர் இடம், அவ்வளவுதான் எண்ணம்.

இடம் குப்பர்டினோவுக்கு மேலே, சான்டா குரூஸ் மலையில், மான்டே பெல்லோ முகடு. அங்கே திராட்சை புதிதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் இத்தாலிய டாக்டர் ஒசேயா பெரோன் 1885-ல் நிலம் வாங்கி, சரிவில் படிப்படியாகத் தட்டு வெட்டிக் கொடி நட்டார். 1920-ல் வந்த மதுவிலக்கு அமெரிக்க ஒயின் தொழிலையே சாய்த்தது. முகட்டிலும் தோட்டங்கள் பாழாயின. பெரோனின் நிலத்துக்குச் சற்றுக் கீழே கைவிடப்பட்டுக் கிடந்த தோட்டத்தை வில்லியம் ஷார்ட் என்ற இறையியலாளர் வாங்கி, 1940-களின் கடைசியில் கேபர்னே சாவிஞான் நட்டார். நால்வர் வாங்கியது அந்த நிலத்தை. கொடிகளுக்கு அப்போது பத்து வயது.

கொடி இருக்கிறது, பழம் தொங்குகிறது, சும்மா விட மனம் வருமா? பென்னியன் கால் பீப்பாய் ஒயின் போட்டார். குடித்துப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 1960-லும் 61-லும் மறுபடி போட்டார்கள். மறுபடி நன்றாகவே வந்தது. தற்செயல் என்று தள்ள முடியவில்லை. 1962 அறுவடைக்குள் உரிமம் வாங்கி ஆலையைத் திறந்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். சிவப்பு ஒயினுக்கு நிறமும் சுவையும் பெரிதும் திராட்சைத் தோலிலிருந்து இறங்குகின்றன. சாறு நொதிக்கும்போது கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தள்ளி, கெட்டி ஆடைபோல மிதக்க வைக்கும். அதை நாளுக்குச் சில தடவை கீழே அமுக்கிவிட வேண்டும். விட்டால் காய்ந்து புளித்துப்போகும். இவர்களுக்கோ திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். யார் அமுக்குவது? சாற்றின் மட்டத்துக்குக் கீழே மரச்சட்டம் ஒன்றை மாட்டித் தோலை முழுகியே இருக்கச் செய்தார்கள். ஈஸ்ட்டும் வாங்கிச் சேர்க்கவில்லை. பழத்தோடு வந்ததே நொதிக்க வைத்தது. பெரிய ஆலைகளில் ஒயினை வடிகட்டித் திருத்தி நேர்த்தி செய்துகொண்டிருந்த காலம் அது. இவர்கள் கூடுமானவரை ஒயினைத் தொடவே இல்லை. கொள்கை கொஞ்சம், நேரமின்மை கொஞ்சம் என்பது என் கணக்கு.

வார இறுதிகளிலேயே பழைய தட்டுகளை மீட்டு, 15 ஏக்கர் தோட்டத்தை 45 ஆக்கினார்கள். 1967-ல் பென்னியன் ஆராய்ச்சி வேலையை விட்டு மலைக்கே வந்துவிட்டார். 1968-ல் உற்பத்தி மூவாயிரம் பெட்டியை நெருங்கியது. மறு ஆண்டு வந்து சேர்ந்த பால் டிரேப்பர் படித்தது தத்துவம். ஒயின் செய்யக் கற்றது கைப்பழக்கத்தில், சிலி நாட்டில் சிறிய ஆலை நடத்தி. பழத்தை அதன் போக்கில் விடும் வழக்கத்தை அவரும் மாற்றவில்லை.

1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் எது எந்த ஒயின் என்று தெரியாமல் ருசித்தபோது, ரிட்ஜின் 1971 மான்டே பெல்லோ சிவப்பு ஒயின்களில் ஐந்தாவதாக வந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2006-ல், அதே ஒயின்களை லண்டனிலும் நாப்பாவிலும் மறுபடி திறந்தார்கள். அந்த 1971 முதலிடம் பிடித்தது. ஆலையை நண்பர்கள் 1986-லேயே ஜப்பானின் ஒட்சுகா மருந்துக் கம்பெனிக் குடும்பத்துக்கு விற்றிருந்தார்கள். பென்னியன் 1988-ல் காலமாகிவிட்டார், ரோசன் 2002-ல். கிரேன் அப்போது உயிரோடு இருந்தார்.