தோல் மருத்துவரை நாடும்முன்: காக்கநாட்டில் காப்பீடு எதற்குக் கைகொடுக்கும்?

கொச்சி: எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இன்ஃபோபார்க் வளாகமும் அமைந்துள்ள காக்கநாட்டில், பணி நிமித்தம் குடியேறியவர் தோல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் கேட்கும் முதல் கேள்வி, "இங்கு எங்கள் காப்பீடு செல்லுமா?" என்பதாகவே இருக்கும். "செல்லும்" என்று பதில் வந்தாலும் ஆலோசனைக் கட்டணத்தைக் கையிலிருந்தே கட்ட நேரிடலாம்.

காரணம் எளிது. வழக்கமான மருத்துவக் காப்பீடு, 24 மணி நேரத்துக்குக் குறையாத உள்நோயாளி சிகிச்சைக்கும் பட்டியலிடப்பட்ட ஒருநாள் சிகிச்சைகளுக்குமே பணம் தருகிறது. படர்தாமரை, முகப்பரு, தேமல், ஒவ்வாமை ஆகியவை பெரும்பாலும் புறநோயாளி பிரிவிலேயே முடிந்துவிடும். எனவே மருத்துவமனை வலையமைப்பில் உள்ளதா என்பதோடு, பாலிசியில் புறநோயாளி செலவு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் பதில் பெறுவது நல்லது. வரவேற்பாளரின் வாய்மொழி பின்னர் உதவாது.

அழகு சார்ந்த சிகிச்சைகளுக்குக் காப்பீடு கிடையாது. கடுமையான தோல் தொற்று, உடல் முழுதும் பரவும் கொப்புள நோய் போன்றவற்றுக்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் கிடைக்கும். சொரியாசிஸ் நோயாளிகள் பலர் அறியாத ஒன்றுண்டு: ஊசி வழி செலுத்தப்படும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி மருந்து, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நவீன சிகிச்சைகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கக்கூடும்.

மருத்துவரைத் தேர்வதிலும் கவனம் தேவை. தோல் சிகிச்சை என்ற பலகை அழகு நிலையங்களிலும் தொங்குகிறது. எம்.டி., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. என்ற தகுதியையும் பதிவு எண்ணையும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். மலையாளப் பலகைகளில் 'த்வக் ரோகம்', 'சர்ம ரோகம்' என்ற சொற்களைக் காணலாம். செலவுக்கு அஞ்சி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுவோருக்குப் படர்தாமரை மேலும் பரவும்.

குறைந்த செலவில் சிகிச்சை பெற விரும்புவோருக்கு அருகிலுள்ள களமசேரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறும் இஎஸ்ஐ உறுப்பினர்களுக்குப் புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் இலவசம். காவலர், துப்புரவுப் பணியாளர் போன்றோர் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும்முன் இதனை நினைவில் கொள்ளலாம்.

மருத்துவமனையில் சேரும்போது ரொக்கமில்லா சிகிச்சைக்கான முன் அனுமதி குறித்து ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும் என்று ஆணையம் 2024-ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை ஓராண்டுக்குள் அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.