தகராறு
'குடும்பத் தகராறில் மனைவியின் மண்டை உடைப்பு' என்று நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. ஒருவர் அடிக்க இன்னொருவர் அடிவாங்குவது தகராறா? அரபியில் 'தக்ரார்' என்றால் திரும்பத் திரும்பச் செய்தல். உருதுவில் அது சொன்னதையே சொல்லி வாதாடுவதாகி, தமிழில் சச்சரவாக நின்றுவிட்டது. பழைய பொருள்தான் உண்மைக்கு நெருக்கம். எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி, இரவு அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவாள். அவளுக்கு அது தினப்படி. 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குடும்ப வன்முறை என்கிறது. அடி மட்டுமல்ல, ஏச்சும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் அதில் அடங்கும். சரியான சட்டம்தான். ஆனால் நீதி, உறவு என்றெல்லாம் பொருள்படும் 'முறை' 'வன்முறை' என்ற சொல்லுக்குள் இருப்பது எனக்கு உறுத்துகிறது. நான் 'கொடுமை' என்றே எழுதுவேன். கொடு என்றால் வளைவு: கொடுவாள், செங்கோலுக்கு எதிரான கொடுங்கோல். நேராக இருக்க வேண்டியது வளைந்துவிட்டது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. "வீட்டுல இன்னைக்கும் சண்டையாம்மா?" என்று ஒருநாள் அந்தச் சிறுமியிடம் கேட்டுவிட்டேன். "அம்மா சண்டையே போடல மாமா" என்றாள்.