தூக்குவதற்கு முன்: ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் முதுகெலும்புக் காயமும் முதலுதவியும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி வெளிநாட்டு மருத்துவமனைகள்வரை போகிறது. அந்தத் துணியால் கட்ட முடியாத காயம் ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை. முதுகெலும்பு முறிந்தவர் உடலில் பல சமயம் ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே தெரியாது. சுற்றி நிற்பவர்களும் "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, எந்திரிச்சு உக்காருங்க" என்று கைத்தாங்கலாகத் தூக்கிவிடுகிறார்கள். அந்தத் தூக்கலே இரண்டாவது விபத்தாகிவிடக்கூடும் என்பது என் வாதம்.

இவ்வட்டாரத்தில் விழுவதற்கு இடங்கள் பல. திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை இரு ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. அடிவாரமெங்கும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறும் கூட்டம் வேறு.

முள்ளெலும்பு உடைவது ஒன்று. அதனுள் ஓடும் தண்டுவடம் நசுங்குவது வேறு. முன்னது நேர்ந்து பின்னது நேராத நிலையில் ஒருவர் தரையில் கிடக்கலாம். தென்னையிலிருந்து குதிகால் ஊன்றி விழுபவருக்கு அதிர்ச்சி மேலேறி, நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகள் முடிந்து இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் தொடங்கும் இடத்தில் முறிவு உண்டாவது மிகுதி. ஒருவர் அக்குளிலும் மற்றவர் முழங்காலடியிலும் பிடித்துத் தூக்கும்போது உடல் வளைவதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். அதற்குமேல் ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிக் கிடத்துவது. நடுவில் தொய்யும் கயிற்றுக் கட்டிலும், துணியைக் கழியில் தொட்டிலாகக் கட்டும் டோலியும் அதே வளைவைத்தான் தருகின்றன. கழுத்து முறிந்திருந்தால் பயம் இன்னும் பெரிது. மூச்சை இயக்கும் உதரவிதான நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்தே புறப்படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1998இல் ஹாஸ்வால்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, உடலை அசையாமல் கட்டாமலே கொண்டுவரப்பட்ட மலேசிய நோயாளிகள் 120 பேரையும், முறைப்படி கட்டிக் கொண்டுவரப்பட்ட நியூ மெக்சிகோ நோயாளிகள் 334 பேரையும் ஒப்பிட்டது. நரம்புச் செயலிழப்பு மலேசியரிடம் குறைவாகவே இருந்தது. அப்படியானால் பலகையும் பட்டையும் எதற்கு? அந்த ஆய்வு மருத்துவமனையை வந்தடைந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. வழியிலேயே இறந்தவர்கள் அதில் இல்லை. ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. கட்டிவைப்பதற்கென்று தனி மந்திரசக்தி எதுவும் இல்லை என்பதை அது காட்டியது. 2018இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் விபத்துக் குழுவும் பிற அமைப்புகளும் கூட்டறிக்கை வெளியிட்டு, 'அசையாமல் கட்டுதல்' என்ற சொல்லையே விட்டு 'அசைவைக் கட்டுப்படுத்துதல்' என்றன. கழுத்துப் பட்டையை முதலுதவி செய்பவர்கள் வழக்கமாக மாட்ட வேண்டாம் என்பது 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆக, கருவியைவிடக் கைகளின் ஒழுங்கே முக்கியம் என்று நான் முடிவு கொள்கிறேன்.

அந்த ஒழுங்கு எளியது. நெருப்பு, வாகனம், வெள்ளம் போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் விழுந்தவரைக் கிடந்தபடியே விட்டு 108ஐ அழைக்க வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, காதோரம் இரு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். "கால் விரலை அசைக்க முடியுதா, தொடுறது தெரியுதா" என்று கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஹெல்மெட் மூச்சைத் தடுக்காதவரை அதைக் கழற்ற வேண்டாம். வாந்தி எடுத்தாலோ நகர்த்தியே ஆக வேண்டுமென்றாலோ நால்வர் வேண்டும்: தலைக்கு ஒருவர், தோள், இடுப்பு, கால் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். எண்ணிக்கை சொல்லும் உரிமை தலை பிடித்தவருக்கு மட்டுமே. அவர் சொன்னதும் மரக்கட்டையை உருட்டுவதுபோல் உடல் முழுவதும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் மட்டும் முதுகெலும்பு இரண்டாம் இடத்துக்குப் போகிறது, முதலில் உயிர். சிகிச்சைக்காக மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், ராஜபாளையத்திலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். அத்தனை தொலைவும் உணர்விழந்த உடலை வெறும் பலகையில் கிடத்தினால் தோல் புண்ணாகும். பலகை ஏற்றி இறக்குவதற்கே. பயணத்துக்கு மெத்தை வேண்டும்.

அவசரமாக வண்டியில் போட்டு அனுப்பிவிட்டு விலகுவதற்குப் போலீஸ் வழக்கு பற்றிய பயமும் ஒரு காரணம். உதவுபவரை 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் பாதுகாக்கின்றன. ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை.

இங்கிருந்து தெற்கே, தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981இல் தொடங்கியது அது. காயத்துக்குப் பின்னான நெடுங்காலத்தைக் கவனிக்க நம் பக்கத்திலேயே இப்படியொரு இடம் இருக்கும்போது, காயத்துக்குப் பின்னான முதல் அரைமணி நேரத்தை நாம் கவனிக்காமலிருப்பது சரியல்ல.

மலைப்பாதையில் 108 வராது. அங்கே காத்திருக்கச் சொல்வது பொருந்தாது. டோலித் துணிக்குள் ஒரு பலகையை வைத்துக் கட்டினாலே வளைவு பெரிதும் குறையும். ஆகவே தாணிப்பாறை அடிவாரத்திலும், நூற்பாலை வாசல்களிலும், பெரிய தோப்புகளின் மோட்டார் அறைகளிலும் ஆள் நீளத்துக்கு ஒரு பலகையும் நான்கு பட்டைகளும் வையுங்கள். அவற்றைப் பிடிக்க நான்கு பேரைப் பழக்குங்கள்.