நாடாவில் மிஞ்சிய கொடை

நாஞ்சில் நாட்டுக் கொடை ஒன்றில் 1980களில் பதிவான வில்லுப்பாட்டு ஒலிநாடா ஒன்று நண்பர் ஒருவர் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது. பாடிய புலவரின் பெயரோ கோயிலின் பெயரோ உறையில் இல்லை. சுடலைமாடன் கதை என்பது மட்டும் கேட்டவுடன் விளங்கியது. பந்தலோரம் டேப் ரிக்கார்டரை வைத்துவிட்டு யாரோ ஓர் ஆர்வலர் கதை கேட்க உட்கார்ந்துவிட்டார் போலும். இரைச்சல், ஒலிபெருக்கியின் உறுமல், நடுநடுவே வெடிச்சத்தம். இவற்றுக்கு அப்பால் எங்கோ ஒரு வில். இதைத் துலக்கிவிடலாம் என்று நம்பினோம்.

வில்லுப்பாட்டின் வரலாறு பெரும்பாலும் எழுத்தின் வழியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை முதலியவற்றை 1970களில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாகப் பதிப்பித்தார். குமரி மாவட்டக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்ததில் அ.கா. பெருமாளின் உழைப்பு பெரிது. நிகழ்த்துதலையே பொருளாகக் கொண்டு இங்கே களப்பணி செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் நூல் 1988இல் வந்தது. 1984இல் நாகர்கோவிலுக்கு வானொலி நிலையமும் வந்தது. ஆனால் நிலையத்து ஒலிப்பதிவு அறையில் சாமி வருவதில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டும், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர்களுமே கொடையின் ஒலியைக் கொடை நடந்த இடத்திலேயே சாமானியர் கையில் பிடித்துக்கொடுத்தன.

முதல் வேலை எளிது. நாடாவைப் படிக்கும் முனையின் சாய்வு, பதிந்த கருவியின் சாய்வோடு பொருந்தாவிட்டால் மேல்நிலை ஒலிகள் மங்கும். சிறு திருகாணியைத் திருப்பியதும் ஜால்ரா துலங்கியது. அடுத்த சிக்கல் வேகம். பதிவின்போது பேட்டரி சோர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று கேட்கையில் புலவரின் குரல் சிறுவன் குரலாகிவிடும். மின்சார உறுமலை அளவுகோலாக்கலாம் என்றார் எங்களுள் ஒரு பொறியாளர். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பது கணக்கு. ஆனால் அந்நாளில் தென்னக மின்தொகுப்பு 50ஐ எட்டாமல் தாழ்ந்தே ஓடிய வேளைகள் பல. அளவுகோலே வளைந்திருந்தது. இறுதியில் காதை நம்பினோம்.

நாடாவின் இரைச்சலைக் களைய, மென்பொருளுக்கு முதலில் வெறும் இரைச்சலை மட்டும் கேட்கத் தர வேண்டும். அதே சாயல் எங்கிருந்தாலும் அது கழித்துவிடும். கழித்தது. கூடவே வில்லின் மணிகளையும் கழித்தது. வீசுகோல் நாணில் விழும்போதெல்லாம் சிதறும் மணியோசையும் இரைச்சலும் ஒரே உயர் அலைவெண்களில் குடியிருக்கின்றன. மணியில்லாத வில் என்ன வில்? குடமும் உடுக்கும் நீருக்கடியில் ஒலிப்பனபோல் கேட்டன.

வெடிகள் வேறு விதத்தில் தொல்லை தந்தன. இத்தகைய கருவிகள் பெருஞ்சத்தம் கேட்டதும் பதிவின் அளவைத் தாமே தாழ்த்திக்கொண்டு, பின்னர் மெல்ல உயர்த்தும். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஓரிரு சொற்கள் அமிழ்ந்துபோயின. எங்களிடமிருந்த அச்சுப் பிரதியைக் கொண்டு அவற்றை நிரப்பி எழுதத் தொடங்கி, வெட்கிக் கைவிட்டோம். புலவர் அதைப் பாடவே இல்லை. வலத்தே பாடுபவர் விட்ட அடியை இடத்தே பாடுபவர் வேறொரு சொல்லால் ஏற்றுக்கொள்கிறார். அச்சில் நாங்கள் காணாத ஒரு பாடம் அந்த நாடாவில் இருக்கிறது, ஓட்டைகளோடு.

கோமரத்தாடிக்குச் சாமி வரும் இடத்தில் குரவையும் மேளமும் சேர்ந்து பாட்டை முழுவதும் மூடிவிடுகின்றன. அவற்றைத் தாழ்த்தியபோது குரல் ஓரளவு கேட்டது. கேட்டபின்தான் உறுத்தியது. கதை பாடுவதும் சாமியாடுவதும் கொடையில் பிரிக்க முடியாதவை. நாங்கள் தாழ்த்தியது இடையூற்றையன்று, பாட்டின் பயனை.

ஆகவே இரண்டு படிகள் வைத்திருக்கிறோம். ஒன்று கைபடாதது. மற்றதில் உறுமலை நீக்கி, மணிகளுக்காக இரைச்சலில் பாதியை விட்டுவைத்தோம். கைபடாத படியில், கதைக்கு நடுவே புலவர் ஒலிவாங்கியை விட்டு முகம் திருப்பி யாரிடமோ சுக்குக்காப்பி கேட்கிறார். மென்பொருள் அதையும் இரைச்சலென்று எடுத்துவிட்டது. ஒலிபெருக்கி வழியாக அல்லாமல் அவர் குரல் கேட்கும் ஒரே இடம் அதுதான்.