தண்ணீர் பழக வேண்டும்

மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு மீனைப் பற்றி யாரும் பாடஞ்சொல்லத் தேவையில்லை என்றொரு எண்ணம் நம்மவரிடையே உண்டு. கொடுவாவையும் மணலையையும் திரளியையும் வாலைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவோம். மீன்பாடும் தேனாடு என்று நாட்டுக்கே பெயரிட்டு வைத்திருக்கிறோம். வவுணதீவில் வாவியருகே குடியிருந்துகொண்டு, வலையிறவுப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. விரல் நீளத் தங்கமீன்கள் இரண்டு அதனை நான்கே நாட்களில் தீர்த்து வைத்தன.

என் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு அந்த மீன்களைப் பட்டினத்துக் கடையொன்றிலிருந்து பொலித்தீன் பையில் வாங்கி வந்தேன். வட்டமான கண்ணாடிப் பாத்திரமொன்றைப் பளபளவெனத் துலக்கி, அப்போதுதான் இறைத்த கிணற்று நீரை நிரப்பி, அதில் அவற்றை விட்டேன். நீர் பளிங்கு போலிருந்தது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியாக்கும் என்றெண்ணி இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன். நான்காம் நாள் காலையில் இரண்டும் மிதந்தன.

மகள் அழவில்லை. வாசலில் நின்று வாவியைப் பார்த்தாள். “அந்தத் தண்ணி கலங்கித்தானே கிடக்கு. அதில மீன் சாகல்ல. நம்மட தண்ணி நல்ல தண்ணி. ஏனப்பா செத்துப்போச்சு?” என்று கேட்டாள்.

இலக்கண ஐயமென்றால் நன்னூலைப் புரட்டலாம். இதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. விடை தேடிச் சென்றபோதுதான், கண்ணாடிக்குள் மீனை வைத்த பலரும் இதே இடத்தில் இடறியவர்கள் என்பதைக் கண்டேன்.

தங்கமீனின் தாயகம் சீனம். சாம்பல் நிறக் கெண்டையினத்தில் இடையிடையே செம்பொன் நிறக் குஞ்சுகள் தோன்றுவதுண்டு. அவற்றைக் கொன்று தின்னாமல் பௌத்த மடங்களின் குளங்களில் விட்டார்கள். உயிரை விடுவிப்பது புண்ணியமெனக் கருதினார்கள். நமது கோயிற் குளத்து மீனுக்குப் பொரி தூவும் மனத்துக்கு அந்த மனம் அந்நியமானதன்று. 12ஆம் நூற்றாண்டில் சொங் அரசர் காலத்தில் ஹாங்சோ அரண்மனையிலேயே இம்மீன்களுக்குக் குளம் அமைந்தது. பின்வந்த மிங் அரசர் காலத்தில் அவை மண்சாடிகளில் வீட்டுக்குள் வந்தன. சாடியின் சுவர் ஊடே பார்க்க இயலாதது. எனவே மீனை மேலிருந்துதான் பார்த்தார்கள். அகன்ற வாலும் பிதுங்கிய கண்ணும் கொண்ட வகைகள் பெருகியதற்கு இந்த மேற்பார்வையும் ஒரு காரணம்.

17ஆம் நூற்றாண்டில் தங்கமீன் ஐரோப்பா சேர்ந்தது. லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ், 1665 மே மாதத்தில் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் அந்நிய நாட்டு மீன்களைக் கண்டு வியந்தார். அவை அப்படியே என்றென்றும் வாழும் என்று எழுதி வைத்தார். மனிதர் என்னைப் போலவே நம்பியிருக்கிறார்! அடுத்த நூற்றாண்டில் பிரபுக்களின் வீடுகளில் தங்கமீன் அழகுப் பொருளாயிற்று. செத்தால் இன்னொன்று வாங்கி விட்டார்கள். ஏன் செத்தது என்ற கேள்விக்கு அந்த மாளிகைகளில் வேலையிருக்கவில்லை.

அக்கேள்வியைச் சோதனையாக எடுத்துக்கொண்டவர்களுள் முக்கியமானவர் றொபேட் வாரிங்டன் என்னும் லண்டன் இரசாயனவியலாளர். 1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி நீங்கிக் கண்ணாடி மலிந்திருந்த காலம் அது. 1849இல் அவர் 12 கலன் நீர் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் மணலும் கல்லும் இட்டு, நாடாபோன்ற இலைகளையுடைய வலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். பூண்டு ஒட்சிசனைத் தரும், மீன் அதனைச் சுவாசிக்கும் என்பது அவரது கணக்கு. கணக்குச் சரியே. ஆனால் முதிர்ந்த இலைகள் அழுகின. நீர் பச்சையாகிக் கலங்கிற்று. அப்பொழுது அவர் ஒரு வேலை செய்தார். குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, கண்ணாடியிற் படிந்த பாசியை மேய்ந்தன. அவை இட்ட முட்டை மீனுக்கு உணவாயிற்று. நீர் தெளிந்தது. 1850இல் இரசாயனச் சங்கத்தில் அவர் இதனை அறிவித்தார். அழகிய மீனைக் காத்தது எவரும் பாராத நத்தை!

இதே ஆண்டுகளில் நம் வாவியில் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், 1848 செப்டெம்பரில் நிலவொளியில் மட்டக்களப்பு வாவியிலே தோணியில் சென்று அந்த இசையைக் கேட்டார். தோணியின் பலகையிற் செவியை வைத்தபோது ஒலி மேலும் பெரிதாயிற்று என்று தமது நூலில் எழுதினார். பாடுவது எது என்று கேட்டபோது நம் மீனவர் காட்டியது மீனை அன்று, ஊரியை. லண்டனிலும் மட்டக்களப்பிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில், மீனைத் தேடியவர்களின் கையில் ஓட்டுக்குள் ஒடுங்கிய சிறிய உயிரொன்று வந்து சேர்ந்தது.

1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மக்கள் பார்வைக்கு மீன்வீடு திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி கொஸ் 1854இல் வெளியிட்ட நூலினால் ‘அக்குவாரியம்’ என்ற சொல் உலகெங்கும் பரவிற்று. லத்தீனில் அச்சொல்லுக்கு மாடுகள் தண்ணீர் குடிக்கும் இடமென்பது பழைய பொருள். மாட்டுக்கும் மீனுக்கும் ஒரே ‘தொட்டி’யை வைத்திருக்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றாது. 1909இல் சென்னை மெரினாக் கடற்கரையிலும் இத்தகைய காட்சிச்சாலை திறக்கப்பட்டது.

ஆயினும் வாரிங்டனும் காணாத ஒன்று இருந்தது. மீன் தன் செவுள்வழியே அமோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். அதற்கு நிறமில்லை. பளிங்கு போன்ற நீரிலும் அது மீனைக் கொல்லும். கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்களை 1890இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர். அவை கல்லிலும் மணலிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். நான் துலக்கிய பாத்திரத்தில் அவற்றுள் ஒன்றும் போதிய அளவு இருந்திருக்க முடியாது. போதாக்குறைக்கு, தீனியென்று நான் போட்டது நஞ்சுக்கு நஞ்சு சேர்த்தது.

இதையெல்லாம் அயலிலுள்ள முதிய மீனவர் ஒருவரிடம் விரிவாகச் சொன்னேன். அவர் வலையைப் பொத்திக்கொண்டே சிரித்தார். “தண்ணி பழகோணும் சேர். புதுக்கிணறு வெட்டினா உடனேயா மீன் விடுறம்? கொஞ்சநாள் கிடக்க விட்டுத்தானே விடுவம்.”

நாற்பது ஆண்டுகள் கடந்து வினோகிராட்ஸ்கி வாரிங்டனுக்குச் சொன்ன விடையை அவர் மூன்று சொற்களில் முடித்துவிட்டார்.

இம்முறை அகன்ற நாற்சதுரத் தொட்டி வாங்கினேன். உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வாய்க்காலிலிருந்து கூழாங்கற்களும் நீர்ப்பூண்டும் நான்கு நத்தைகளும் வந்தன. வாவியிலிருந்து எதையும் எடுக்கவில்லை; அது உவர் கலந்த நீர், தங்கமீனோ நன்னீர் உயிர். தொட்டியை நிரப்பிவிட்டுக் காத்திருந்தோம். பற்றீரியாக்களுக்கு உணவாகட்டுமென்று நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வந்தோம்.

“மீன் இல்லாத தொட்டிக்கு எதுக்கப்பா சாப்பாடு?” என்று மகள் கேட்டாள்.

“மீன் வரமுன்னம் வந்திருக்கிற ஆக்களுக்கு” என்றேன். தொட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அவள் அவர்களை வெகுநேரம் தேடினாள்.

ஆறாம் வாரம் ஒரேயொரு தங்கமீனை வாங்கினோம். பையை அவிழ்க்காமல் தொட்டி நீரில் சற்றுநேரம் மிதக்கவிட்டு, சூடு சமப்பட்ட பின்னரே மீனை உள்ளே விட்டோம். அவிழ்த்தது என் மகளின் கைதான். முதலில் இறந்த இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. என் அவசரத்துக்கு அவை கொடுத்த விலை அது. மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. மீன் இருக்கிறது. தொட்டியின் நீர் இப்போது பளிங்கு போல் இல்லை, இலேசான பச்சை. வீட்டுக்கு வருவோர் மீனைப் பார்க்கிறார்கள். மகள் மட்டும் அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று நத்தையைக் காட்டுகிறாள்.